வெட்டுப்புள்ளி சொல்லாத கணக்கு

உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் நாட்களில், வடக்கில் வணிகப் பிரிவு மாணவர்களின் வீடுகளில் ஒரே பட்டிமன்றம்: முகாமைத்துவம் படிக்க ஸ்ரீ ஜயவர்த்தனபுரவா, யாழ்ப்பாணமா? பெரும்பாலும் தீர்ப்பு சொல்வது போன வருட வெட்டுப்புள்ளிதான். எங்கே அது உயர்ந்து நிற்கிறதோ அதுவே நல்ல பல்கலைக்கழகம் என்று முடிவாகிவிடுகிறது. இந்தப் பழக்கம் பிழையானது.

ஒரு பாடநெறிக்கு இருந்த இடங்கள் எத்தனை, அதை விரும்பிக் கேட்டவர்கள் யார் என்பதன் விளைவே வெட்டுப்புள்ளி. 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு என்று பெரும்பாலான இடங்கள் பிரிவதால், அதே வகுப்பில் அமரக் கொழும்பு மாணவருக்கு ஒரு புள்ளி, முல்லைத்தீவு மாணவருக்கு வேறொரு புள்ளி. விரிவுரை மண்டபத்தில் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது.

1959இல் வித்தியோதயவாகத் தொடங்கியது ஜயவர்த்தனபுர. 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது யாழ்ப்பாணம். இரண்டிலும் முகாமைத்துவக் கற்கைகள், வணிக பீடம் என்றே பெயர். இரண்டிலும் கல்வி இலவசம். வேறுபாடு பெரிதும் வாயிலுக்கு வெளியே இருக்கிறது. ஜயவர்த்தனபுர இருக்கும் கங்கொடவிலவில் பஸ் ஏறினால் கொழும்பின் கணக்காய்வு நிறுவனங்கள், வங்கித் தலைமையகங்கள், பங்குச் சந்தை. அங்குள்ள மாணவர்கள் பலர் பட்டப்படிப்போடு பட்டயக் கணக்காளர் பரீட்சையையும் எழுதி, அலுவலகப் பயிற்சியும் பெற்றுவிடுகிறார்கள். சிங்களமும் பழகிவிடும், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் வேலைக்கு உதவும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலியில் படிக்கும் உள்ளூர்ப் பிள்ளைக்கு வீட்டுச் சோறு, வாடகை மிச்சம். ஆனால் பெரிய நிறுவனமொன்றில் உள்ளகப் பயிற்சி வேண்டுமென்றால் தெற்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவே கணக்காய்வும் நிதியும்தான் என்று உறுதியாக இருப்பவர், அறை வாடகையைக் குடும்பம் தாங்குமானால், கொழும்புக்குப் போகட்டும். குடும்ப வியாபாரத்தையோ சொந்தத் தொழிலையோ வடக்கில் வளர்க்க நினைப்பவருக்கு யாழ்ப்பாணமே பொருத்தம். புள்ளி கூடிவிட்டதே என்பதற்காக அவரைத் தெற்கே தள்ளுவது வீண் கௌரவம்.

பயிற்சிக்குத் தெற்கே பார்க்கும் நிலையை மாற்றவும் வழியுண்டு. போருக்குப் பின் வைப்புத் திரட்ட வடக்கில் வரிசையாகக் கிளை திறந்த வங்கிகளுக்கு, பயிற்சி இடங்களையும் இங்கே திறப்பது முடியாத காரியமல்ல. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் தன் அனுமதிக் கைந்நூலில், ஒவ்வொரு பீடத்தின் பட்டதாரிகளில் எத்தனை பேர் ஓராண்டுக்குள் வேலை பெற்றார்கள், எங்கே பயிற்சி பெற்றார்கள் என்பதை அச்சிட வேண்டும். அடுத்த விண்ணப்பத்துக்கு முன்பே இதைத் தொடங்கலாம். தரவைத் தரும்படி பீடங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.