புதைந்த புட்டிகளும் புலப்படும் வரலாறும்

மண்ணைத் தோண்டுவோர் பொன்னைத் தேடுவர். அன்றேல் நீரைத் தேடுவர். பிறர் வீசி எறிந்த பழைய கண்ணாடிப் புட்டிகளைத் தேடி மண்ணைத் தோண்டுவோரும் உளர் என்றால் கேட்போர் நகைப்பர். ஆயினும் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இது பலர் விரும்பும் பொழுதுபோக்காக நிலைபெற்றுள்ளது. குப்பை என்று ஒதுக்கப்பட்டதை மீண்டும் தோண்டி எடுப்பது வீண்வேலையா, பயனுள்ள பணியா? இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு முன், அப்புட்டிகள் மண்ணுக்குள் சென்ற வரலாற்றை அறிதல் வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டு வீடுகளில் நிலக்கரியே எரிபொருள். அடுப்புச் சாம்பலோடு உடைந்த மட்கலங்களும் தீர்ந்துபோன புட்டிகளும் குப்பையாயின. 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் வீட்டுக் குப்பையை அகற்றும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்தது. செங்கல்லுக்காக மண் எடுத்துக் கைவிடப்பட்ட பள்ளங்களிலும் சதுப்பு நிலங்களிலும் குப்பை கொட்டப்பட்டது. அமெரிக்காவிலோ, கழிவுநீர்க் குழாய்கள் வருவதற்கு முன்னர், வீட்டின் பின்புறத்துக் கழிப்பறைக் குழியே குப்பைக்குழியாகவும் பயன்பட்டது. காலப்போக்கில் உணவுக்கழிவு மண்ணாயிற்று, தாள் மக்கிற்று, இரும்பு துருவேறிக் கரைந்தது. கண்ணாடி மட்டும் உருக்குலையாமல் எஞ்சியது.

எஞ்சிய புட்டியைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஓர் ஆவணமாகும். அச்சின் இரு பாதிகள் இணைந்த இடத்தில் புட்டியின் பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று பதிந்திருக்கும். அக்கோடு கழுத்தளவில் நின்றுவிட்டால், வாய்ப்பகுதியைத் தொழிலாளி ஒருவர் கையால் முடித்தார் என்பது பொருள். கோடு வாய்விளிம்பு வரை ஏறியிருந்தால், அது பெரும்பாலும் இயந்திரத்தின் ஆக்கமாகும். அமெரிக்கரான மைக்கேல் ஓவன்ஸ் உருவாக்கிய தானியங்கிப் புட்டி இயந்திரம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பயன்பாட்டிற்கு வந்தது. ஆகவே, ஒரு கோட்டின் நீளம் ஒரு புட்டியின் காலத்தை ஓரளவு உணர்த்திவிடுகிறது.

காலத்தை மட்டுமன்று, மக்களின் வாழ்வையும் புட்டிகள் உரைக்கின்றன. கருநீல நிறத்தில், பக்கங்களில் வரிவரியாகப் புடைத்த புட்டிகள் பல கிடைக்கின்றன. அவை நஞ்சுப் புட்டிகள். மெழுகுவத்தியின் மங்கலான ஒளியில் மருந்தென்று எண்ணி நஞ்சை எடுத்துவிடாதவாறு, தொட்ட அளவில் விரல்கள் எச்சரிக்கை பெறவே அவ்வரிகள் அமைந்தன. ‘வின்ஸ்லோ அம்மையாரின் அமைதிப் பாகு’ என்ற பெயர் பொறித்த சிறு புட்டிகளும் அமெரிக்க மண்ணில் கிடைக்கின்றன. பல் முளைக்கும் பருவத்தில் அழும் குழந்தைகளுக்காக விற்கப்பட்ட அப்பாகில் மார்ஃபின் கலந்திருந்தது. மார்ஃபின் போன்ற பொருள்கள் மருந்தில் இருப்பின் அதை மேலொட்டில் குறிக்கவேண்டும் என்ற சட்டம் 1906ஆம் ஆண்டில்தான் வந்தது. அதுவரை, எதைப் புகட்டுகிறோம் என்றறியாமலே தாய்மார் புகட்டினர். அழுத குழந்தை அமைதியுற்றது; சில குழந்தைகளுக்கு அவ்வமைதியே மீளா உறக்கமாயிற்று. விளம்பரம் மறைத்ததைக் குப்பைக்குழி நினைவூட்டுகிறது.

இப்புட்டிகளுள் ஒன்று இந்தியருக்கு நன்கு அறிமுகமானது. இலண்டனைச் சேர்ந்த ஹைரம் காட் என்பவர் 1870களில் கழுத்தில் கண்ணாடிக் குண்டு அடங்கிய சோடாப் புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் குண்டை வாயிலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கி மூடும். குண்டை உள்ளே அழுத்தினால் புட்டி திறக்கும். இங்கிலாந்தில் அது வழக்கொழிந்து புதைபொருளாயிற்று. விளையாடக் குண்டு வேண்டிச் சிறுவர் பலவற்றை உடைத்ததால், முழுப்புட்டி கிடைத்தால் தோண்டுவோர் மகிழ்வர். அதே புட்டி தமிழ்நாட்டில் ‘கோலி சோடா’ என்றும், தில்லியில் ‘பண்டா’ என்றும் இன்றும் கடைகளில் விற்கப்படுகிறது. ஒரு நாட்டின் தொல்பொருள் மற்றொரு நாட்டின் தெருவில் தாகம் தீர்க்கிறது.

இத்தகைய சிறப்புகள் இருப்பினும், இப்பொழுதுபோக்கை அப்படியே ஏற்றுக்கொள்ளல் இயலாது. ஒரு பொருளின் வரலாறு அப்பொருளில் மட்டும் இல்லை. அது கிடந்த மண்ணடுக்கிலும் அதனோடு கிடந்த பிற பொருள்களிலும் உள்ளது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்கே கிடைத்த இத்தாலிய மட்கல ஓடுகளின் காலம் முன்பே தெரிந்திருந்தமையால், அவற்றோடு கிடந்த உள்ளூர் மட்கலங்களின் காலத்தையும் கணிக்க முடிந்தது. அவ்வோடுகளை யாரேனும் அழகுக்காக முன்னரே பொறுக்கிச் சென்றிருந்தால், அச்சான்று கிடைத்திருக்காது. நல்ல புட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றைக் கலைத்துப் போடும் ஒருவர் செய்வதும் அத்தகைய இழப்பே.

‘எப்படியும் அங்கே கட்டடம் எழும், இயந்திரம் அனைத்தையும் நொறுக்கிவிடும், அதற்குமுன் நாங்கள் காப்பாற்றுகிறோம்’ என்று தோண்டுவோர் கூறுவர். அதில் நியாயம் உண்டு. ஆயின் அந்நியாயம் அழியவிருக்கும் இடத்திற்கே பொருந்தும். அழியாது கிடக்கும் இடத்திற்குப் பொருந்தாது. உரிமையாளரின் ஒப்புதலும், சட்டத்தின் அனுமதியும், எவ்வடுக்கில் எது கிடைத்தது என்ற குறிப்பும் இல்லாத தோண்டுதல் பொழுதுபோக்கு எனும் பெயருக்கு உரியதன்று. அமெரிக்காவின் 1979ஆம் ஆண்டுத் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம் நடுவண் அரசின் நிலங்களில் கிடைக்கும் நூறாண்டுப் பழமையான தொல்பொருள்களைக் காக்கிறது. அவற்றின் பட்டியலில் புட்டிகளையும் பெயர் சுட்டிச் சேர்த்துள்ளது. இந்தியாவிலும், மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வாயிலாக அறிவிக்கவேண்டும் என 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் கூறுகிறது. மேலும், குழிகள் சரிந்து உயிருக்கு ஊறு நேரலாம். உடைந்த கண்ணாடி கையைக் கிழிக்கலாம். சிறுவர் ஒருபோதும் இதில் தனியே இறங்குதல் கூடாது.

அவ்வாறாயின் இளையோர் செய்யத்தக்கது யாது? தோண்டாமலே தேடலாம். பழைய வீடுகளின் பரண்களில் மைப்புட்டிகளும், வேளைக்கு இவ்வளவு என்று வெட்டிய தாள் ஒட்டப்பட்ட மருந்துப் புட்டிகளும் இன்னும் கிடக்கக்கூடும். அவற்றை யார், எப்போது, எதற்காகப் பயன்படுத்தினர் என்று வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதி வைக்கலாம். புட்டி நூறாண்டு கழிந்தும் அழியாமல் இருக்கும். அதைப் பற்றிய நினைவோ அப்பெரியோரோடு மறைந்துவிடும். முதலில் காக்கவேண்டியது அந்நினைவையே.

சிந்தித்து எழுதுக

1. புட்டியின் பக்கத்திலுள்ள கோடு அதன் காலத்தை எவ்வாறு உணர்த்துகிறது?
2. தோண்டுவோர் கூறும் நியாயம் எது? அதனைக் கட்டுரை எந்த அளவிற்கு ஏற்கிறது?
3. உம் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.