மெஸ் பில்லும் ஒபாமா கேரும்!



26-வது பிறந்தநாளை நினைச்சு யாராவது பயப்படுவாங்களா? கேக், ட்ரீட், கிஃப்ட் என்று ஜாலியாகக் கழிய வேண்டிய நாள். ஆனால், அமெரிக்க இளசுகளில் பலருக்கு அன்னிக்குத்தான் வயிற்றைக் கலக்கும். அதுவரை அப்பா, அம்மாவின் ஹெல்த் இன்ஷூரன்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். 26 வயது நிறைந்தால், 'இனிமே உன் பாடு!' என்று கழற்றிவிட்டுவிடுவார்கள். சாதாரண அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கே பல ஆயிரம் டாலர் பில் வரும் ஊரில், இது சும்மா விஷயமா?

அங்கே பாதிப் பேருக்கு வேலை பார்க்கும் கம்பெனி மூலமாக இன்ஷூரன்ஸ் கிடைத்துவிடும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்ட் என்று அரசுத் திட்டங்கள் உண்டு. இதில் எதிலுமே சேராமல் நடுவில் நிற்பவர்கள்... சொந்தத் தொழில் செய்பவர், சின்னக் கடையில் வேலை பார்ப்பவர், வேலை தேடும் பட்டதாரி. இவர்கள் தானாகத்தான் பாலிசி வாங்க வேண்டும். வாஷிங்டனில் சட்டம் மாறும்போதெல்லாம் ஆட்டம் காண்பது இந்த மார்க்கெட்தான்.

ஏன்னு புரியணுமா? உங்க ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு வாங்க. டிவைடிங் சிஸ்டம். மாசச் செலவைத் தலைகளால் வகுத்து பில் போடுவார்கள். ரெண்டு சப்பாத்தியோடு எழுந்துபோகிறவனும், நாலு ரவுண்டு சாப்பிடுகிறவனும் ஒரே தொகைதான் கட்டணும். சப்பாத்தி பார்ட்டி கடுப்பாகி, 'நான் வெளியே சாப்பிட்டுக்கறேன்'னு போயிட்டா? மிச்சம் இருப்பவர்களுக்கு பில் எகிறும். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் கிளம்புவாங்க. மறுபடி பில் எகிறும். கடைசியில் மெஸ்ஸுக்கே பூட்டு!

இன்ஷூரன்ஸும் இதே கணக்குதான். அதனால், 2010-க்கு முன்னாடி பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனிகள் வாசலிலேயே ஆளை எடை போட்டன. சர்க்கரை வியாதியா? ஆஸ்துமாவா? 'ஸாரி, இடமில்லை!' 2010 மார்ச் 23-ல் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் இதைத் தடுத்தது. 2014 முதல் வியாதியைக் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது, கூடுதல் பிரீமியமும் கேட்கக் கூடாது. 26 வயசுச் சலுகையும் இந்தச் சட்டம் தந்ததுதான்.

சரி, யார் வேணா எப்போ வேணா சேரலாம்னா, ஜுரம் வந்தப்புறம் சேர்ந்துக்கலாமே? வாஷிங்டன் மாநிலம் இதில் ஏற்கெனவே சூடுபட்டிருந்தது. 1993-ல் அங்கே யாரையும் மறுக்கக் கூடாது, எல்லோரும் இன்ஷூரன்ஸ் எடுத்தாக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 1995-ல் இரண்டாவது விதியை மட்டும் கழற்றிவிட்டார்கள். கம்பெனிகள் ஒவ்வொன்றாக நழுவ, 1999-ல் பெரும்பாலான மாவட்டங்களில் தனிநபர் பாலிசி விற்க ஆளே இல்லை!

அதனால்தான் ஒபாமா சட்டம் மூன்று கால் முக்காலியாக வந்தது. மறுக்கக் கூடாது என்பது முதல் கால். எடுக்காவிட்டால் அபராதம் என்பது ரெண்டாவது. 2016 கணக்குப்படி 695 டாலர் அல்லது வருமானத்தில் 2.5 சதவிகிதம், இதில் எது அதிகமோ அது. கட்ட முடியாதவர்களுக்கு மானியம் என்பது மூணாவது.

அப்புறம் ஆரம்பிச்சது இழுபறி. 2012-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று மயிரிழையில் சட்டத்தைக் காப்பாற்றியது. 2017 ஜூலையில் செனட்டில் ஜான் மெக்கெயின் கட்டைவிரலைக் கீழே காட்ட, சட்டத்தின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்யும் முயற்சி 49-51 என்று தோற்றது. ஆனால், அதே வருஷம் டிசம்பரில் வந்த வரிச் சட்டம், 2019 முதல் அபராதத்தைப் பூஜ்யமாக்கியது.

ஒரு கால் போச்சு. முக்காலி விழுந்திருக்கணுமே? விழலை! காரணம் மானியம். வருமானத்தில் இத்தனை சதவிகிதத்துக்கு மேல் நீ கட்ட வேண்டாம், மிச்சம் அரசு பார்த்துக்கும் என்பது ஏற்பாடு. பிரீமியம் ஏறினால் மானியமும் ஏறும். சப்பாத்தி பார்ட்டி மெஸ்ஸிலேயே இருந்துட்டார். அடி விழுந்தது, மானிய வரம்புக்குக் கொஞ்சம் மேலே சம்பாதித்த நடுத்தர வர்க்கத்துக்கு. முழு பில்லும் அவங்க தலையில்!

2021-ல் மானியத்தைத் தாராளமாக்கி, அந்த வரம்பையும் எடுத்தார்கள். அந்த வருஷம் சுமார் 1.2 கோடியாக இருந்த எண்ணிக்கை 2025-ல் 2.4 கோடியைத் தொட்டது. ஆனால், கூடுதல் மானியத்துக்குக் கெடு 2025 டிசம்பர் 31. அதை நீட்டிக்கும் சண்டையில் அமெரிக்க அரசாங்கமே 43 நாள் முடங்கியது. அப்படியும் நீட்டிக்காமலே கெடு முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒண்ணு. கம்பெனிகள் 2026-க்கான ரேட்டை 2025-லேயே தாக்கல் செய்தாக வேண்டும். 'மானியம் போனா ஆரோக்கியமானவங்க கழண்டுக்குவாங்க' என்று கணக்குப் போட்டு, பல கம்பெனிகள் முன்கூட்டியே ரேட்டை ஏற்றிவிட்டன. சட்டம் மாறினால்தான் விலை ஏறும் என்றில்லை. மாறுமோ என்ற பயமே விலையை ஏற்றும்!

எம்.எஸ். படிக்க ஃப்ளைட் ஏறப் போறீங்களா? பெரும்பாலான யுனிவர்சிட்டிகள் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியிருக்கும். பிரீமியத்தை மட்டும் பார்க்காதீங்க. 'டிடக்டிபிள்' எவ்வளவுன்னு பாருங்க. அந்தத் தொகை உங்க பாக்கெட்டிலிருந்து தீரும்வரை பெரும்பாலான சிகிச்சைக்குக் கம்பெனி காசு எடுக்காது.

'எனக்கு 22 வயசு, கல்லு மாதிரி இருக்கேன், எனக்கெதுக்கு இதெல்லாம்?' என்று கேட்கிற பையன் மேல் தப்பில்லை. பார்ட்-டைம் சம்பளத்தில் பிரீமியம் கட்டுவது அவனுக்கு வலிக்கத்தான் செய்யும். அந்த வலியைக் குறைக்கத்தான் மானியம். ஆனா, அவனை நம்பித்தான் மொத்த மெஸ்ஸும் ஓடுது. ஒருநாள் அவனும் நாலு ரவுண்டு சாப்பிட வேண்டி வரும். அன்னிக்கு அடுப்பு எரியணும் இல்லையா?