யார் சொன்னது, எப்போது சொன்னது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு வேலை சேர்ந்துகொள்கிறது. ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு நியூஸ் கார்டு வந்து விழும். தொலைக்காட்சி லோகோ, சிவப்புப் பட்டை, கலெக்டர் படம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். ஆனாலும் எட்டாம் வகுப்புப் பிள்ளை அதை உடனே நம்பிவிடாது. போன வருடக் கார்டில் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்களா என்று உற்றுப் பார்க்கும். அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அங்கேயும் இந்தச் செய்தி இருக்கிறதா என்று தேடும். கலெக்டரின் அதிகாரபூர்வப் பக்கத்தைத் திறக்கும். ‘நம்ம மாவட்டம் லிஸ்ட்ல இருக்கா? ஸ்கூலுக்கு மட்டுமா, காலேஜுக்கும் சேர்த்தா?’ என்று வகுப்பு குரூப்பில் விசாரிக்கும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் புத்தகப் பையை மூலையில் போடும்.

இதை யாரும் அவர்களுக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. போலிக் கார்டை நம்பி வீட்டில் இருந்துவிட்டு, மறுநாள் வகுப்பில் திட்டு வாங்கிய அனுபவத்தில் வந்த பயிற்சி இது. பத்திரிகை அலுவலகத்தில் புதிதாகச் சேரும் நிருபருக்கு நாங்கள் கற்றுத்தருவதும் ஏறக்குறைய இதைத்தான். நம்மைக் கவலைகொள்ள வைப்பது இதற்கு அடுத்த காட்சி. அதே பிள்ளை, ஒரு சாதியின் பெருமை பேசும் ‘மறைக்கப்பட்ட வரலாறு’ வந்தாலும், புற்றுநோயை மூன்றே நாளில் போக்கும் கஷாயம் வந்தாலும், அப்துல் கலாம் சொன்னதாக ஒரு பொன்மொழி வந்தாலும் மறுகேள்வி கேட்பதில்லை. படித்த கையோடு அடுத்த குரூப்புக்கு அனுப்பிவிடுகிறது. சரிபார்க்கத் தெரிந்த பிள்ளைதான். விடுமுறைக்குச் செலவழிக்கும் அந்த ஐந்து நிமிடத்தை மற்றதற்கும் செலவழிக்க வேண்டும் என்று அதனிடம் பள்ளி ஒருநாளும் கேட்டதில்லை.

ஏழு வயது நிரம்பிய ஒருவர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருந்தால் அவர் எழுத்தறிவு பெற்றவர் என்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அளவுகோல். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அப்படிப்பட்டவர்கள் 80 சதவீதம். 2021ல் நடக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதில் இந்த எண் நிச்சயம் கூடும். கூடட்டும், மகிழ்ச்சி. ஆனால் அந்த எண்ணைக் கொண்டு இன்றைய மாணவரின் எழுத்தறிவை அளக்க முடியாது.

அளவுகோலை மாற்றுவது நமக்குப் புதிதும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தும் தொண்டர்களும் அ, ஆவன்னாவோடு நிற்கவில்லை. சைக்கிள் ஓட்டுவதையும் பாடத்தில் சேர்த்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். யாரையும் எதிர்பார்க்காமல் சந்தைக்கும் அலுவலகத்துக்கும் தானே போய்வர முடிந்தால்தான் கற்ற எழுத்துக்குப் பலன் என்று அன்று புரிந்துகொண்டார்கள். இன்றைய பிள்ளையும் தனக்கு வருகிற செய்தியை யாரையும் எதிர்பார்க்காமல் தானே நிறுத்துப் பார்க்க வேண்டும். அதுவும் எழுத்தறிவில் சேர்த்திதான்.

அது இல்லாததன் விலையைத் தமிழ்நாடு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடிக் குடும்பத்தோடு காரில் வந்த சென்னை மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். குழந்தை கடத்த வந்தவர் என்று ஊர் கூடி அடித்தே கொன்றது. அதற்கு முந்தைய வாரங்களில் வட மாவட்டங்கள் முழுக்கக் கடத்தல் கும்பல் பற்றிய வாட்ஸ்அப் வதந்திகள் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு இந்தியாவில் பல மாநிலங்களில் பரவிய ஒரு வீடியோ இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் வருகிற இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அசலில், போன வண்டி திரும்பி வரும், சிறுவனை இறக்கிவிடும், விழிப்புணர்வு வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். மீதியை நம்பி ஊர் ஊராக மனிதர்களை அடித்தார்கள். அந்த வீடியோவைப் பார்த்த எவருக்கும் ‘இது எங்கே எடுத்தது, இதற்குப் பிறகு என்ன ஆனது’ என்று கேட்கப் பள்ளிக்கூடம் கற்றுத்தரவில்லை என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

இதில் படிப்பு அதிகமானவர்கள் தப்பிவிடுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017ல் வெளியிட்ட ஆய்வு கண்ணைத் திறப்பது. பத்து வரலாற்றுப் பேராசிரியர்கள், பத்து செய்திச் சரிபார்ப்பாளர்கள், ஸ்டான்போர்டிலேயே படிக்கும் 25 இளநிலை மாணவர்கள் ஆகியோரைக் கணினி முன் உட்கார வைத்தார்கள். ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகளின் இணையதளங்களைக் காட்டினார்கள். ஒன்று 1930ல் தொடங்கிய, பல்லாயிரம் உறுப்பினர்கள் கொண்ட அமைப்பு. மற்றொன்று, 2002ல் அதிலிருந்து கருத்து வேறுபாட்டால் பிரிந்துபோன சிலர் தொடங்கியது. எது நம்பகமானது என்பது கேள்வி. மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பிரிந்துபோன சிறு குழுவின் பக்கத்தையே நம்பினார்கள். பேராசிரியர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் எவரும் ஏமாறவில்லை.

ஏன் என்பதுதான் பாடம். பேராசிரியர்களும் மாணவர்களும் கொடுத்த பக்கத்தை மேலிருந்து கீழே கவனமாகப் படித்தார்கள். வடிவமைப்பு நேர்த்தியாக இருக்கிறதா, அடிக்குறிப்பு இருக்கிறதா, மருத்துவர் பட்டம் போட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள். சரிபார்ப்பாளர்களோ அந்தப் பக்கத்தில் சில நொடிகளுக்கு மேல் தங்கவே இல்லை. வேறு ஜன்னல்களைத் திறந்து, ‘இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்’ என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வந்து படித்தார்கள். மழைக்காலத்தில் நம் பிள்ளைகள் செய்வது அப்படியே இதுதான்.

நம் பள்ளியோ இதற்கு நேர்மாறாகப் பழக்குகிறது. ‘உரைப்பத்தியைப் படித்து விடையளி’ என்ற கேள்வியில் விடை முழுவதும் பத்திக்கு உள்ளேயே இருக்கும். புக் பேக் கேள்விக்கும் கைடில் உள்ள பதிலுக்கும் அப்பால் ஒரு வரி எழுதினால் மதிப்பெண் போய்விடுமோ என்று பிள்ளை அஞ்சுகிறது. அச்சில் இருப்பது சரி, அதைத் திருப்பி எழுதினால் மார்க் என்று பன்னிரண்டு ஆண்டுகள் பழக்கிவிட்டு, போனில் வருவதை மட்டும் சந்தேகப்படு என்றால் எப்படி முடியும்?

இதோடு அடிப்படை வாசிப்பின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023ல் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் ஆய்வு, இந்தியக் கிராமப்புறத்து 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளில் கால்வாசிப் பேரால் தங்கள் மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க முடியவில்லை என்றது. அடுத்த ஆண்டு ஆய்வில், 14 முதல் 16 வயதினரில் 82 சதவீதத்தினருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்திருந்தது. போன் தெரியும், வாசிப்பு தடுமாறுகிறது என்றால் அந்தப் பிள்ளை ரீல்ஸில் கேட்பதையும் பார்ப்பதையும் நம்பி வாழ வேண்டியதுதான். ஆகவே ‘எண்ணும் எழுத்தும்’ போன்ற அடிப்படைத் திட்டங்களைப் பழைய காலத்து வேலை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். வாசிக்கத் திணறும் பிள்ளையால் இன்னொரு பக்கத்தைத் திறந்து ஒப்பிட முடியாது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. வீட்டுப்பாடத்தைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்தால் பிழையில்லாத நடையில் பதில் வருகிறது. நட்பைப் பற்றி ஒரு குறள் கேட்டால், சில சமயம் வள்ளுவர் எழுதாத ஈரடியை, எண்ணும் போட்டுத் தந்துவிடுகிறது. மொத்தம் 1330 குறள்கள். எந்த நூலகத்திலும் புத்தகம் இருக்கிறது. எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை வகுப்பிலேயே செய்ய வைக்கலாம். கருவி கொடுத்த ஐந்து குறளில் எது அசல், எது இட்டுக்கட்டியது என்று கண்டுபிடிக்கச் சொன்னால், அதைவிட நல்ல குறள் வகுப்பு இல்லை. டி.என். ஸ்பார்க் என்று அரசுப் பள்ளிகளுக்கு ஏஐ, ரோபாட்டிக்ஸ் பாடம் வந்திருப்பதை வரவேற்கிறோம். ஆனால் கருவியை இயக்கக் கற்பது ஒரு பாதிதான், அது சொன்னதைச் சோதிப்பது மறுபாதி. அந்த மறுபாதி கணினி ஆசிரியரின் வேலை மட்டுமே ஆகிவிடக் கூடாது. தமிழாசிரியருக்கும் அறிவியல் ஆசிரியருக்கும் அதில் பங்கு உண்டு.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் இதைச் செய்து காட்டியது. தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி பற்றி வாட்ஸ்அப்பில் பரவிய பொய்களால் பெற்றோர் ஊசி போட மறுத்த அனுபவத்துக்குப் பிறகு, 2018ல் கலெக்டர் மீர் முகமது அலி சுமார் 150 அரசுப் பள்ளிகளில் போலிச் செய்திகளைக் கண்டுபிடிக்கும் வகுப்புகளைத் தொடங்கினார். 2017ல் அதே தடுப்பூசிக்கு அதே வதந்தி தமிழ்நாட்டிலும் பரவியது. நாம் அதற்காக மறுப்பு அறிக்கை வெளியிட்டோம். அவர்கள் வகுப்பு நடத்தினார்கள்.

தமிழ்நாட்டில் எதுவும் வகுப்புக்குள் நிலைக்க வேண்டுமென்றால் வினாத்தாளில் வர வேண்டும். ஒன்பதாம் வகுப்புத் தமிழ்த் தேர்விலேயே தொடங்கலாம். ஒரே சம்பவத்தைப் பற்றிய இரண்டு செய்திகளைக் கொடுத்து, இரண்டும் எங்கே முரண்படுகின்றன, எதை நம்பலாம், உறுதிசெய்ய வேறு எங்கே தேடுவாய் என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள். கைடில் பதில் இல்லாத கேள்வி. திருத்தும் ஆசிரியருக்கு அது கூடுதல் சுமை என்பதை அறிவோம். அதற்கான பயிற்சியும் நேரமும் அவருக்குக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு கோரிக்கையும் உண்டு. ஏசர் 2023 ஆய்வில், போன் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 43.7 சதவீதத்தினரிடம் சொந்தமாகப் போன் இருந்தது, பெண்பிள்ளைகளில் 19.8 சதவீதத்தினரிடம்தான் இருந்தது. அண்ணன் தூங்கிய பிறகு கிடைக்கும் பத்து நிமிடத்தில் ஒரு மாணவி எதைத் தேடிச் சரிபார்ப்பாள்? அரசுப் பள்ளிகளின் ஹைடெக் லேப், பள்ளி விட்ட பிறகும் ஒரு மணி நேரம் மாணவிகளுக்காகத் திறந்திருக்க வேண்டும். உடனிருக்கும் ஆசிரியைக்கு அதற்கான ஊதியமும், பிள்ளைகள் வீடு திரும்ப மாலைப் பேருந்தும் சேர்த்தே பள்ளிக்கல்வித் துறை திட்டமிட வேண்டும்.