மண்ணின் சுபாவமும் தெளிப்பு நீரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தெளிப்பு நீர்ப்பாசனத்தைப் போற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையின் அபிப்பிராயத்தோடு நான் உடன்படுகிறேன். ஆயினும், மண்ணின் சுபாவத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லாதது பெருங்குறை. எங்கள் காட்டுப்பள்ளியின் கடற்கரை மணல், மணிக்கு 30 மில்லிமீட்டர் நீரையும் அநாயாசமாக உறிஞ்சிவிடும். களிமண்ணோ 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலே ஏற்க மறுத்து, எஞ்சியதை வரப்பை நோக்கி வழியவிடும். பொன்னேரிப் பக்கத்தில் என் மைத்துனரின் உளுந்து வயலில், பெருந்துளிகள் அறைந்த இடமெல்லாம் மேல்மண் மெழுகிய தரைபோல் இறுகி, நீர் கலங்கலாய் வாய்க்காலுக்கு ஓடியதையும், விரலால் கீறிப் பார்த்தபோது அடிமண் உலர்ந்தே கிடந்ததையும் கண்டு வருந்தினேன். மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரில் கடலுப்பு ஏறிப் பல ஆண்டுகளாகிவிட்டபடியால் இந்த உபத்திரவம் இரட்டிப்பாகிறது. உப்பிலுள்ள சோடியம் நாளடைவில் களிமண் துகள்களைப் பிரித்து நுண்துளைகளை அடைப்பதோடு, தெளிக்கும்போது இலைகளையும் கருக்கிவிடுகிறது.

சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியத்தில் கருவி வழங்கும் அரசாங்கம், அதற்கு முன்பாக நிலத்தின் உறிஞ்சுதிறனையும் கிணற்று நீரின் உப்பையும் பரிசோதித்து, நுண்துளி முனைகளையும், இடைவிட்டுத் தெளிக்கும் முறையையும், அவசியமான இடங்களில் ஜிப்சத்தையும் சிபாரிசு செய்யுமாறு வேளாண்மைத் துறையினரைப் பணிக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
காட்டுப்பள்ளி.