பழங்கூட்டிற் புத்துயிர்

கூடு விட்டுக் கூடு பாய்தல் என்னும் வித்தையைப் பற்றி நம் முன்னோர் பல கதைகள் கூறிச் சென்றனர். இறந்து கிடந்த ஆயன் மூலனது உடலிற் புகுந்து, அவன் மேய்த்த ஆநிரைகளின் துயரைத் திருமூலர் போக்கினார் என்னும் வரலாற்றைக் கேளாத தமிழ் மாணவர் இலர். அவ்வித்தை கைவரப் பெற்றோர் இந்நாளில் உளரோ இலரோ, யாம் அறியோம். ஆயின், கூடு கட்டுக்குலையாது நிற்க, உள்ளிருந்த உயிர் மட்டும் மூத்து ஒடுங்க, அக்கூட்டினுள் வேறோர் உயிரைப் புகுத்த முயன்று தோற்றவர் நம் கல்லூரி விடுதியிலேயே பலர் உளர். அவருள் யாமும் ஒருவராவோம். கூடு என்றது பழைய கைப்பேசியை. உயிர் என்றது அதனை இயக்கும் இயங்குதளத்தை. தமிழ் பயில்வோர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று கணிப்பொறித் துறை நண்பர்கள் நகைத்தல் கூடும். நகைப்பாராக. காலில் முள் தைத்தவன் முள்ளைப் பற்றிப் பேச மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை.

எம் ஊர் பாலசமுத்திரம். பழனிக்கு அணித்தாய், மலையடிவாரத்தில், தென்னந்தோப்புகளின் நடுவே கிடப்பது. பேரூராட்சி என்று அதற்குப் பெயர். ஆயினும் பேரூர் என்று சொல்ல யாம் துணியோம். 2020ஆம் ஆண்டிற் பெருந்தொற்றால் பள்ளிகள் அடைபட்டபொழுது பாடங்கள் கைப்பேசி வழியே வரலாயின. தோப்பிற் காய் உரித்துப் பெற்ற கூலியில் மிச்சம் பிடித்து, பிறர் பயன்படுத்திய கைப்பேசி ஒன்றை எம் தந்தையார் பழனியில் வாங்கி வந்தார். 2015இல் விற்பனைக்கு வந்த கருவி அது, ஆண்ட்ராய்டு 4.4 என்னும் பதிப்பில் இயங்குவது. 1 ஜிபி நினைவகம் உடையது. அதன் சிறு திரையை உற்று நோக்கியே யாம் ஒன்பதாம் வகுப்பைக் கடந்தோம். பின்னர் அது எம் தங்கையின் கைக்குச் சென்றது. சென்ற சில ஆண்டுகளில், பள்ளிச் செய்திகள் வரும் செயலி முதலில் எச்சரித்தது. பின்னர் புதிய பதிப்பு வேண்டும் என்றது. புதிய பதிப்பை நாடினால், உங்கள் கருவிக்குப் பொருந்தாது என்ற விடை வந்தது. ஒரு நாள் அறவே நின்றது. கருவிக்கு நேர்ந்த குறை யாது? திரையின் மூலையில் ஒரு கீறல் உண்டு. மின்கலம் ஒருமுறை மாற்றப்பட்டது. ஒலியிற் குறைவில்லை, ஒளியிற் குறைவில்லை, சுட்டினால் தொடுதிரை உடனே பணிகிறது. நோயின்றி, காயமின்றி, நன்றாக இருந்தவாறே இறந்துபட்டது என்றே சொல்லல் வேண்டும்.

சென்ற கோடை விடுமுறையில் அதனை எழுப்ப முற்பட்டோம். எமக்குத் துணிவூட்டியது எம் பெரிய தந்தையார் மகனது மடிக்கணினி. தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதற் பருவத்திற் கிடைத்தது அது. அம்மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஒருபாலும், சி-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் லினக்ஸ் ஒருபாலுமாக இரண்டு இயங்குதளங்கள் அமைந்திருந்தன. இயக்குங்கால் எது வேண்டும் என்று அதுவே வினவும். மாணவன் விழைந்ததைத் தெரிந்துகொள்ளலாம். அண்ணனார் அவ்விரண்டையும் அகற்றிவிட்டு, எளிய லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவிலிருந்து அரைமணிப் பொழுதில் நிறுவினார். அது மெல்லவேனும் இன்றும் நடக்கிறது. 2011இற் பிறந்த கணினி உயிரோடிருக்க, 2015இற் பிறந்த கைப்பேசி மாண்டுபோவானேன்? இதுவே எம்மை வருத்திய வினா. இதற்கு விடை தேடுங்கால் யாம் அறிந்தவற்றை ஈண்டுக் கூறுதல் பயனுடைத்து.

மேசைக் கணினியும் மடிக்கணினியும் நெடுங்காலமாக ஒரு பொது ஒழுங்கிற்கு உட்பட்டவை. எந்நிறுவனம் ஆக்கியதாயினும், இயங்குதளம் உட்புகுந்து, இங்கே திரை உண்டா, இங்கே விசைப்பலகை உண்டா என்று கேட்டால், பெரும்பாலான உறுப்புகள் தத்தம் பெயரைத் தாமே சொல்லும். ஆதலின் ஒரே லினக்ஸ் வட்டு ஆயிரம் வகைக் கணினிகளில் ஏறும். கைப்பேசியின் உறுப்புகளோ பெரும்பாலும் வாய்பேசா. எந்தத் திரை, எந்தக் கம்பியில், எந்த அழுத்தத்தில் நிற்கிறது என்பதைக் கருவிதோறும் எழுதிக் கொடுத்தல் வேண்டும். ஒன்றற்கு எழுதியது மற்றொன்றிற்கு உதவாது. இக்கொடுமைக்கு ஓர் எடுத்துக்காட்டு: ரெட்மி நோட் 4 என்று ஒரே பெயர் தாங்கிய கைப்பேசிகள் இருவகையின. 2017இல் இந்தியாவில் விற்றதனுள் இருந்தது குவால்காம் சில்லு. சீனத்தில் முன்னரே விற்றதனுள் இருந்தது மீடியாடெக் சில்லு. ஒன்றற்கு ‘மிடோ’ என்றும் மற்றதற்கு ‘நிக்கெல்’ என்றும் உட்பெயர். அட்டைப் பெயரை மட்டும் நம்பி ஒன்றற்குரிய கோப்பை மற்றொன்றில் ஏற்றுபவன் கதி என்னாகும்? கருவி செங்கல்லாயிற்று என்பர் இத்துறையினர். அதனினும் பொருத்தமான சொல் இல்லை. செங்கல்லையேனும் சுவரில் வைக்கலாம்.

இன்னும் ஒன்று. சில்லினுள் உள்ள படக்கருவி, வானலைப் பகுதி முதலியவற்றை இயக்கும் நிரல்களைச் சில்லு செய்தவர் மூடிய வடிவிலேயே தருகின்றனர். அவையும் லினக்ஸ் கருநிரலின் ஒரு குறித்த பதிப்போடு பிணைந்தவை. சில்லுக்காரர் கைவிட்டால் கைப்பேசி செய்தவரும் செயலற்றுப் போகிறார். ஆதலின் பழியனைத்தையும் கைப்பேசி செய்தவர் தலையிலேயே சுமத்துதல் நேர்மையன்று. இப்பிணைப்பைத் தளர்த்தவே 2017இல், ஆண்ட்ராய்டு 8ஆம் பதிப்போடு, கூகுள் நிறுவனம் ட்ரெபிள் என்னும் அமைப்பைக் கொணர்ந்தது. அதற்கு முற்பட்ட கருவிகளுக்கு அதனாற் பயனில்லை. ஏழையர் கையில் எஞ்சியிருப்பவற்றுள் அத்தகையன பல.

இத்தனை இடர்களுக்கும் இடையே கூலி கருதாது உழைப்போர் உலகெங்கும் உளர் என்பது வியப்பன்றோ! 2009இல் தோன்றிய சயனோஜென்மாட் 2016 திசம்பரிற் கைவிடப்பட்டபோது, அதன் நிரல் திறந்து கிடந்தமையால், அதன் சாம்பலிலிருந்தே லினியேஜ்ஓஎஸ் எழுந்தது. உபுண்டு டச் என்பதனைக் கனானிக்கல் நிறுவனம் 2017இற் கைவிட, யுபிபோர்ட்ஸ் குழுவினர் ஏந்திக்கொண்டனர். அவ்வாண்டிலேயே, கைப்பேசிக்குப் பத்தாண்டு வாழ்வேனும் அளிப்போம் என்ற நோக்கோடு போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் வெளிவந்தது. இவர்கள் பலர் ஒருவரையொருவர் கண்டதுமில்லை.

நிற்க. எம் கதைக்கு மீள்வோம். கருவியின் அமைப்புப் பக்கத்தில் ‘பில்டு நம்பர்’ என்பதனை ஏழுமுறை தட்டினால் மறைந்திருக்கும் பட்டியல் திறக்கும். கதைகளில் வரும் குகை வாயில் போல. ஏழுமுறை தட்டினோம், திறந்தது. மடிக்கணினியோடு கம்பியால் இணைத்தோம், அடையாளம் கண்டுகொண்டது. எம் கருவிக்குப் பொருந்தும் கோப்பையும் யாரோ ஒரு புண்ணியவாளர் ஆக்கி வைத்திருந்தார். கூடும் ஆயத்தம், உயிரும் ஆயத்தம். எஞ்சியது வாயில் ஒன்றே. பூட்லோடர் என்பது கருவியை முதன்முதல் எழுப்பும் சிறு நிரல். தன்னை ஆக்கிய நிறுவனத்தின் முத்திரை பெறாத எதனையும் அது உள்ளே விடாது. அதனைத் திறக்க ஒரு குறியீடு வேண்டும். கருவியின் எண்ணைக் கொடுத்து அந்நிறுவனத்தின் இணையப் பக்கத்திற் பெறலாம் என்று பழைய குறிப்புகள் கூறின. சென்று பார்த்தோம். பக்கம் இல்லை. கடிதம் எழுதினோம், அம்மாதிரிக்கு ஆதரவு முடிந்தது என்று ஒருவரியில் விடை வந்தது. திண்ணையில் அமர்ந்து இவையனைத்தையும் நோக்கியிருந்த தந்தையார், “காசு குடுத்து வாங்கினது நாமதானப்பா? அப்புறம் சாவி மட்டும் எப்படி அவன்கிட்ட இருக்கு?” என்றார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் கேட்ட இவ்வினாவிற்கு, மூன்று நாள் படித்துத் தேர்ந்த எம்மிடம் விடை இல்லை.

திறவுகோல் கிட்டினும் துன்பம் ஒழிவதில்லை என்பதற்கு எம் விடுதித் தோழர் சான்று. அவர் கருவியில் லினியேஜ்ஓஎஸ் இனிதே ஏறிற்று. ஏறியபின், எண்ணை அழைத்தால் அழைப்புச் செல்லவில்லை. ஜியோ வலையமைப்பில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை; பேச்சும் 4ஜியின்மேல் வோல்ட்டி என்னும் முறையிலேயே செல்லும். அவர் ஏற்றிய பதிப்பில் அது மட்டும் இயங்கவில்லை. பேசமாட்டாத பேசி! அது போதாதென்று, பணம் செலுத்தும் செயலி, பூட்டுத் திறந்த கருவியில் இயங்கமாட்டேன் என்றது. தேநீர்க் கடையிலும் கைப்பேசியாற் பணம் செலுத்தும் இக்காலத்தில் இது சிறு குறையன்று. ஐந்தாண்டுகளாகத் திருத்தமே பெறாத, ஓட்டைகள் நிறைந்த பழைய ஆண்ட்ராய்டைப் பல செயலிகள் ஏற்கின்றன; சென்ற மாதம் திருத்தம் பெற்ற புதிய அமைப்பை, நிறுவன முத்திரை இல்லையென்று தள்ளுகின்றன. இஃது எவ்வகை முறையோ!

பூட்டு எற்றுக்கு என்று கேட்பார்க்கு நிறுவனத்தார் கூறும் விடை வலுவற்றதன்று. திருடன் கைப்பட்ட கருவி அவனுக்குப் பயன்படலாகாது. உரிமையாளன் அறியாது எவரும் தீய நிரலை உள்ளே புகுத்தலாகாது. இவ்விரண்டையும் யாம் ஒப்புகின்றோம். வீட்டிற்குக் கதவு வேண்டா என்பார் யார்? ஆயின் கதவின் திறவுகோலை வீட்டை விற்றவன் தன் மடியில் முடிந்துகொண்டு போதலையே யாம் மறுக்கின்றோம். முறைப்படி பூட்டைத் திறக்குங்கால் கருவியிலுள்ள செய்திகள் அனைத்தும் அழிந்துபோமாறு அமைத்தலே பெருவழக்கு. ஆகவே உரிமையாளனது மறைபொருள் திருடன் கைக்குப் போதல் இல்லை. கேட்டார்க்குத் தக்க எச்சரிக்கையோடு குறியீட்டை வழங்கும் நிறுவனங்களும் உள்ளன. மோட்டோரோலா அங்ஙனம் வழங்கி வந்துள்ளது. ஒருவர்க்கு இயல்வது பிறர்க்கு இயலாதென்பது பொருந்துமாறு இல்லை. ஹுவாவே நிறுவனமோ வழங்கிவந்ததனையே 2018இல் நிறுத்திற்று.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 சூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதி, ஒரு மாதிரியின் விற்பனை நின்ற நாளிலிருந்து ஐந்தாண்டு இயங்குதளத் திருத்தம் கிடைக்கச் செய்தல் வேண்டும் என்கிறது. நல்லதே. எனினும் ஐந்தாண்டு கழிந்த மறுநாள் கதவு யார் வசம்? நம் நாட்டு நடுவண் அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022 திசம்பரில் ஓர் இணையவாயிலைத் திறந்தது. உதிரி உறுப்பையும் கையேட்டையும் பற்றிய பேச்சோடு, திறவுகோலைப் பற்றிய பேச்சும் அங்கே எழுதல் வேண்டும் என்பது எம் துணிபு. நிறுவனம் என்றுமே ஆதரவளித்துக்கொண்டிருத்தல் வேண்டும் என்று யாம் கேட்கவில்லை. அது நடவாத காரியம். ஆதரவு முடிந்தது என்று எழுதும் அதே கடிதத்தில் குறியீட்டையும் எழுதுக என்பதே எம் வேண்டுகோள். ஒருவரி கூடும், அவ்வளவே.

தமிழ் பயில்வோர்க்கு இது புதிய செய்தியன்று. 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றுவதற்குத் துணையாய் நின்ற ஏடுகள் திருத்தக்கதேவர் தம் கையால் எழுதியவை அல்ல. ஓலை சில நூற்றாண்டில் இற்றுப்போகும். இறுமுன் வேறோர் ஓலையிற் பெயர்த்தெழுதுவர். அங்ஙனம் எழுதினோர் பெயர் பலவும் நமக்குத் தெரியா. ஏட்டைக் காட்டவே மறுத்தோரும் அந்நாளில் இருந்தனர். ஆனால் ஏட்டைக் கையில் வைத்திருந்தவன் படியெடுக்க இயலாதவாறு எழுத்தாணி பூட்டுப் போட்டதில்லை. பயனறியாது ஏடுகளை ஆற்றில் விட்டாரே என்று நம் முன்னோரை வகுப்பிற் கடிந்துரைக்கின்றோம். விடுதி அறைகளில் மேசை இழுப்பறைதோறும் உறங்கும் பழைய கைப்பேசிகளை நாளை எவ்வாற்றில் விடப்போகின்றோம்?

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் இத்தகைய நிரல்களை எழுதும் பணியிலேயே இருக்கின்றனர். பூட்டுச் செய்வோருள்ளும் நம்மவர் இருத்தல் கூடும். ஐயன்மீர்! நும் நிறுவனத்தின் பழைய மாதிரிகளுக்குத் திறவுக் குறியீடு வழங்கும் பக்கம் இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்மின். இல்லையேல் ஏனென்று அங்கே வினவுமின். நம் கணிப்பொறித் துறையாரும் திங்களில் ஒரு சனிக்கிழமை ஒரு மேசையை ஒதுக்கி, திறக்கக்கூடிய கருவிகளைத் திறந்து புத்துயிரூட்டித் தருவாராயின், பாடக் குழுவிற்கு மட்டும் ஒரு கைப்பேசி வேண்டுவார் வீடுகளுக்கு அவை செல்லும். பேச்சுக்கும் பணத்திற்கும் உதவாவிடினும் பாடத்திற்கு உதவும்.

எம் தங்கைக்கு இவ்வாண்டுத் தீபாவளி முன்பணத்திலிருந்து வேறொரு கைப்பேசி வாங்கப்பட்டது. இதுவும் பிறர் பயன்படுத்தியதே. இதன் ஆதரவு என்று முடியும் என்பதைக் கடைக்காரரும் அறியார். பழையதை எறிய மனமின்றித் தந்தையார் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். நாள்தோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு அவரைத் தோப்பு வேலைக்கு எழுப்பும் தொழிலை அது இன்றுவரை தவறாது செய்து வருகிறது.