வாடகைப் பெயரில் சொந்தக் கடை!

"நீங்களும் முதலாளி ஆகலாம்! கொஞ்சம் முதல் போட்டால் போதும். மற்றதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." இந்தப் பாணியில் விளம்பரம் வராத நாளே இல்லை. டீக் கடை, ஐஸ்கிரீம் கடை, பிரியாணிக் கடை, மருந்துக் கடை, கூரியர் ஆபீஸ், மழலையர் பள்ளி என்று எதை எடுத்தாலும் இன்று பிரான்சைஸ்தான். ஏதோ பெரிய சமாசாரம் என்று மலைக்க வேண்டியதில்லை. கடை உங்களுடையது. வாடகை, கூலி, கடன் எல்லாம் உங்கள் பொறுப்பு. வாசலுக்கு மேலே தொங்கும் பெயர் மட்டும் கம்பெனியுடையது. அந்தப் பெயரை மாட்டிக்கொள்ள முதலில் ஒரு சேர்க்கைக் கட்டணம் கொடுக்க வேண்டும். பிறகு மாதந்தோறும் விற்பனையில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

இதில் பணம் போடுகிறவர்கள் யார்? பெரிய தனவந்தர்களா? இல்லை. பிராவிடண்டு பண்டையும் கிராஜுவிட்டியையும் கையில் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றவர். வளைகுடா நாட்டில் பத்து வருஷம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். வேலை கிடைக்காத மகனுக்கு ஒரு வழி செய்துவிட வேண்டுமே என்று தவிக்கும் தகப்பனார். மனைவியின் நகையை அடகு வைத்துத் தொழில் தொடங்கும் இளைஞர். இவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான் முதல் போட முடியும். அது போனால் முதலுக்கே மோசம்.

பிரான்சைஸ் எல்லாமே மோசடி என்று நாம் சொல்ல வரவில்லை. நல்ல கம்பெனிகள் உண்டு. தொழில் தெரியாதவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, தரமான சரக்குக் கொடுத்து, கூட இருந்து நடத்திவைக்கிற கம்பெனிகள் உண்டு. நல்லதையும் கெட்டதையும் எப்படி இனம் பிரிப்பது என்பதுதான் பிரச்னை. அதற்கு ஒரே ஒரு கேள்வி போதும் என்பது நம் கருத்து. பெயரை விற்கிறவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? உங்கள் கடையின் விற்பனையிலிருந்தா, நீங்கள் கட்டும் சேர்க்கைக் கட்டணத்திலிருந்தா?

இரண்டு அமெரிக்கக் கதைகள்

இந்தக் கேள்வியின் அருமை அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பார்த்தால் விளங்கும்.

மில்க் ஷேக் கலக்கும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்த ரே கிராக் என்பவர், 1954ல் கலிபோர்னியாவில் மக்டொனால்ட் சகோதரர்கள் நடத்திய ஹோட்டலைப் பார்த்தார். அவர்களிடம் அனுமதி பெற்று, 1955ல் இல்லினாய் மாகாணத்தில் தம்முடைய முதல் கடையைத் திறந்தார். பிறகு மற்றவர்களுக்கும் உரிமை கொடுத்தார். அதற்கு அவர் வாங்கிய சேர்க்கைக் கட்டணம் 950 டாலர்தான். மாதாமாதம் விற்பனையில் 1.9 சதவிகிதம். கடைக்காரருக்குச் சரக்கு விற்று லாபம் பார்ப்பதில்லை என்பதும் அவர் கொள்கை. பின்னால் அவருடைய கம்பெனி கடைக்கான இடத்தைத் தானே பிடித்து வாடகைக்கு விட்டு நிறையச் சம்பாதித்தது உண்மையே. ஆனால் அந்த வாடகையும் விற்பனை உயர்ந்தால் கூடவே உயரும்படி அமைந்திருந்தது. ஆகவே கடை ஓடினால்தான் கம்பெனிக்குப் பிழைப்பு. அதனால்தான் ஒவ்வொரு கடையின் சுத்தத்தையும் ருசியையும் அவர் விடாமல் கவனித்தார்.

இன்னொரு கதை 1960களின் பிற்பகுதியில் நடந்தது. மின்னி பேர்ல் என்ற ஹாஸ்ய நடிகையின் பெயர் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். நாஷ்வில் நகரத்தில் ஹூக்கர் சகோதரர்கள் அந்தப் பெயரை வைத்துக் கோழி வறுவல் கடைகளுக்கு உரிமை விற்கத் தொடங்கினார்கள். கடை திறக்கும் வேகத்தைவிட உரிமை விற்கும் வேகம் பல மடங்கு அதிகம். விற்ற உரிமைகளில் பெரும்பகுதி கடையாகவே திறக்கப்படவில்லை. ஆனாலும் உரிமை வாங்கியவர்கள் எழுதிக்கொடுத்த கடன் பத்திரங்களைக்கூட வருமானமாகக் கணக்கில் காட்டினார்கள். 1968ல் பங்குகள் சந்தைக்கு வந்தபோது விலை ஏறிக்கொண்டே போயிற்று. பிறகு அரசாங்கம் கணக்கைக் கிளறியது. ஓரிரு வருஷத்துக்குள் எல்லாம் சரிந்தது. கோழி விற்ற பணத்தில் நடந்த கம்பெனியல்ல அது. கோழி விற்க ஆசைப்பட்டவர்களின் பணத்தில் நடந்த கம்பெனி!

நம் ஊரில் உங்கள் எதிரே அமர்ந்து பேசுகிறவர் இந்த இருவரில் எந்த ரகம்? சேர்க்கைக் கட்டணம் அதிகமாக இருந்து, கடை அலங்காரத்தையும் இயந்திரத்தையும் தங்கள் ஆளிடமே வாங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு, "இந்த மாதத்துக்குள் பணம் கட்டினால் சலுகை" என்று அவசரப்படுத்தினால், அவருடைய லாபம் நீங்கள் கடை திறக்கும் முன்பே அவர் பைக்குள் போய்விட்டது என்று பொருள். அதற்குப் பிறகு உங்கள் கடை ஓடினால் என்ன, மூடினால் என்ன?

முதல் 55 டீ யாருக்கு?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியோர் வாக்கு. ஆகவே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை உதாரணத்துக்காக நாமே வைத்துக்கொண்ட எண்கள்தான்; உங்கள் ஊர் நிலவரத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு டீக் கடை பிரான்சைஸ். சேர்க்கைக் கட்டணம் 3 லட்ச ரூபாய். அதற்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. 54,000 ரூபாய். அலங்காரம், இயந்திரம் 5 லட்சம். கடைக்கு அட்வான்ஸ் 2 லட்சம். முதல் சரக்கும் கைச்செலவும் 1,46,000. ஆக 12 லட்சம். இதில் சொந்தப் பணம் 5 லட்சம். பாக்கி 7 லட்சம் கடன். வட்டி 11 சதவிகிதம், தவணைக் காலம் ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 15,220 ரூபாய்.

நாளொன்றுக்கு 300 டீ. ஒரு டீ 15 ரூபாய். வடை, பிஸ்கட் வகையில் டீக்கு 5 ரூபாய் வீதம் சேர்த்தால் நாள் விற்பனை 6,000, மாதம் 1,80,000. சரக்குச் செலவு நூற்றுக்கு 45 வீதம் 81,000. வாடகை 25,000. மூன்று ஆட்களுக்கு 16,000 வீதம் 48,000. மின்சாரம், காஸ் 12,000. மிஞ்சுவது 14,000. இதிலிருந்து கம்பெனியின் பங்கு விற்பனையில் 5 சதவிகிதம் 9,000, அதற்கு ஜி.எஸ்.டி. 1,620. மிச்சம் 3,380 ரூபாய். பாங்குத் தவணையோ 15,220! மாதம் 11,840 ரூபாய் கையிலிருந்து போடவேண்டும்.

கவனியுங்கள். கடைக்காரருக்கு நஷ்டம், பாங்குக்குத் தவணை தவறும் அபாயம். கம்பெனிக்கு மட்டும் 9,000 ரூபாய் வந்துவிடுகிறது. ஏனென்றால் அதன் பங்கு விற்பனையில்தானே தவிர லாபத்தில் அல்ல.

சரி, 400 டீ விற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மாத விற்பனை 2,40,000. மின்சாரத்துக்கும் காஸுக்கும் 2,000 கூட்டி, எல்லாச் செலவும் கம்பெனிப் பங்கும் தவணையும் போக மிஞ்சுவது 15,620 ரூபாய். விடியற்காலையில் கடை திறந்து இரவு பூட்டுகிற முதலாளிக்கு, அவரிடம் டீ ஆற்றுகிறவரின் சம்பளத்தைவிடக் குறைவு!

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 300 டீ விற்கும் கடையில், சேர்க்கைக் கட்டணத்துக்காக வாங்கிய கடனின் தவணையையும் மாதப் பங்கையும் கூட்டினால், நாளொன்றுக்குச் சுமார் 610 ரூபாய் பெயருக்காகவே போகிறது. ஒரு டீயிலும் அதனோடு விற்கும் வடையிலுமாகச் சரக்குச் செலவு போக நிற்பது 11 ரூபாய். ஆகவே தினமும் முதல் 55 டீ பெயருக்குப் போய்ச் சேருகிறது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் வரமாட்டார்கள் என்று சொல்லக்கூடிய 55 பேராவது தினம் உங்கள் கடைக்கு வருவார்களா? வருவார்கள் என்றால் பெயரை வாங்குங்கள். பஸ் ஸ்டாண்டு வாசலில் எந்தப் பெயர் போட்டாலும் டீ விற்கும் என்றால், அந்தப் பெயருக்கு எதற்காகக் கப்பம் கட்டவேண்டும்?

கடன் எங்கே வாங்குவது?

சிறு தொழிலுக்குக் கடன் கிடைக்க வழிகள் இல்லாமல் இல்லை. 2015ல் ஆரம்பித்த முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை ஒரு வகை, 5 லட்சம் வரை ஒரு வகை, 10 லட்சம் வரை ஒரு வகை என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். கடைசி வகையில் வாங்கி ஒழுங்காகத் திருப்பிக் கட்டியவர்களுக்கு 20 லட்சம் வரை என்று 2024ல் உயர்த்தினார்கள். 10 லட்சம் வரையுள்ள சிறு தொழில் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாதென்று ரிசர்வ் பாங்கு 2010லேயே பாங்குகளுக்குச் சொல்லியிருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால் மானியத்தோடு கூடிய கடன் திட்டங்களையும் விசாரிக்கலாம்.

அப்படியிருந்தும் நம்மவர்கள் ஏன் வீட்டுப் பத்திரத்தையும் நகையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்? பாங்கில் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள் என்பதுதான் காரணம். நகைக் கடனுக்குக் கேள்வி கிடையாது; எடை போட்டால் போதும். ஆனால் அந்த ஆயிரம் கேள்விகளே உங்களுக்குக் காப்பு. "வாடகை எவ்வளவு, விற்பனை எவ்வளவு, மாதக் கடைசியில் என்ன மிஞ்சும்?" என்று பாங்கு அதிகாரி கேட்டு, உங்கள் கணக்கு சரிப்படவில்லை என்று சொல்லிவிட்டால் அவரைத் திட்டாதீர்கள். காசு வாங்காமல் உங்களுக்கு யோசனை சொன்ன மனிதர் அவர் ஒருவர்தான்.

இயந்திரத்துக்குக் கடன் வாங்கினால், கடை மூடினாலும் இயந்திரத்தை விற்றுப் பாதியாவது எடுக்கலாம். சேர்க்கைக் கட்டணத்துக்கும் அலங்காரத்துக்கும் போன பணத்தை எதை விற்று எடுப்பது? ஆகவே திரும்பி வராத செலவைச் சொந்தப் பணத்தில் செய்ய வேண்டும்; விற்றால் விலை போகும் பொருளுக்கு மட்டும் கடன் வாங்க வேண்டும். ஆறு மாதக் குடும்பச் செலவைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் கடையைத் திறக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஏராளம். எத்தனை வருஷத்துக்கு உரிமை? பக்கத்துத் தெருவிலேயே இன்னொருவருக்கும் கொடுப்பார்களா? நடுவில் கடையை வேறொருவருக்கு மாற்ற முடியுமா? வழக்கு வந்தால் எந்த ஊர்க் கோர்ட்டில்? இதையெல்லாம் ஒரு வக்கீலிடம் காட்டிக் கேட்பதற்கு ஆகும் செலவு, மொத்த முதலில் ஒரு துளி.

பெரிய மனிதர்களுக்கே இதில் சிக்கல் வந்திருக்கிறது. வட இந்தியாவில் மக்டொனால்ட் கம்பெனியோடு 1995 முதல் கூட்டாக ஹோட்டல் நடத்திய விக்ரம் பக்ஷிக்கும் அந்தக் கம்பெனிக்கும் 2013ல் தகராறு மூண்டது. 2017 ஆகஸ்டில் 169 கடைகளின் உரிமையை ரத்து செய்வதாகக் கம்பெனி அறிவித்தது. கோர்ட்டு, மத்தியஸ்தம் என்று அலைந்து 2019ல்தான் சமரசம் ஏற்பட்டது. யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நாம் போகவேண்டாம். ஆறு வருஷம் வழக்காட அவர்களுக்குச் சக்தி இருந்தது. ஒரே ஒரு டீக் கடை வைத்திருப்பவருக்கு ஆறு மாதம் தாங்குமா?

கம்பெனி சொல்வதை மட்டும் கேட்காமல் நீங்களே விசாரிக்கலாம். பெயர் முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்பதை டிரேட் மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். பதிவு பெற்ற கம்பெனியானால் அதன் வரவு செலவுக் கணக்கைச் சிறு கட்டணம் கட்டிப் பார்க்கலாம். அதில் விற்பனைப் பங்கு எவ்வளவு, சேர்க்கைக் கட்டணம் எவ்வளவு என்பது பிரித்துக் காட்டப்பட்டிருந்தால், நம்முடைய முதல் கேள்விக்கு விடை அங்கேயே கிடைக்கும். இவற்றைவிட முக்கியம், கடையை மூடிவிட்டுப் போனவரைத் தேடிப் பிடித்துப் பேசுவது. ஓடுகிற கடையைக் கம்பெனியே காட்டும். மூடிய கடையை நாம்தான் தேடவேண்டும்.

சட்டம் வேண்டும்

இப்படித் தேடி அலையும் பாரத்தைச் சாதாரண மனிதரின் தலையில் வைப்பது நியாயமா? அமெரிக்காவில் 1979 முதல் ஒரு விதி அமலில் இருக்கிறது. உரிமை விற்கும் கம்பெனி, பணம் வாங்குவதற்கு 14 நாள் முன்னதாக ஒரு விவரப் புத்தகத்தைக் கொடுத்தாக வேண்டும். கம்பெனி மேல் உள்ள வழக்குகள், தணிக்கை செய்த கணக்கு, கடந்த மூன்று வருஷத்தில் திறந்த கடைகள் எத்தனை, மூடியவை எத்தனை, விலகிப் போனவர்களை எங்கே பார்க்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். "இவ்வளவு லாபம் வரும்" என்று சொன்னால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

நம் நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறோம். பங்குச் சந்தையில் பொதுமக்களிடம் பணம் திரட்ட வரும் கம்பெனி விவரப் பத்திரம் வெளியிட வேண்டும் என்று கட்டாயம் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பை வாங்கிக்கொள்ளும் பிரான்சைஸ் கம்பெனிக்கு மட்டும் ஏன் அந்தக் கட்டாயம் இல்லை? நேர்மையான கம்பெனிக்கு இதனால் ஒரு நஷ்டமும் கிடையாது. மூடிய கடைகளின் கணக்கைச் சொல்ல அஞ்சுகிறவர்தான் ஆட்சேபிப்பார்.

அரசாங்கம் இதைச் செய்யவேண்டும். அது வரும் வரையில், "மூடிய கடைகளின் பட்டியலைக் கொடுங்கள்" என்று பணம் போடப் போகும் ஒவ்வொருவரும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கொடுக்க மறுக்கிற கம்பெனியிடம் பணத்தைக் கொடுக்க நாமும் மறுக்கலாம். அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.