தத்துவம் சோறு போடுமா?

பரீட்சை முடிவு வந்துவிட்டது. பையன் நல்ல மார்க்கு வாங்கித் தேறிவிட்டான். கல்லூரியில் எந்தப் பாடம் எடுப்பது என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. "தத்துவம் படிக்கலாம் என்று இருக்கிறேன்" என்கிறான் பையன்.

அவ்வளவுதான்! அப்பா கையிலிருந்த பத்திரிகையைக் கீழே வைக்கிறார். "தத்துவமா? அது சோறு போடுமா?" என்று கேட்கிறார். அம்மாவுக்கு வேறு கவலை. பையன் வீட்டை விட்டுச் சாமியாராகப் போய்விடுவானோ என்று அவள் பயப்படுகிறாள்.

அப்பாவின் கேள்வியைக் கேலி செய்வது சரியல்ல. கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆனால் தீர்ப்புச் சொல்லும் முன்பு விசாரணை நடக்க வேண்டும் அல்லவா? தத்துவத் துறை என்பது என்ன? அங்கே உட்கார்ந்து என்ன செய்கிறார்கள்? அதனால் ஊருக்கு என்ன லாபம்? இவற்றைத் தெரிந்துகொள்ள வெகு தூரம் போக வேண்டியதில்லை. சென்னைக் கடற்கரையை ஒட்டிச் சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக் கழகத்தின் தத்துவத் துறையைப் பார்த்தாலே போதும்.

இரவல் புத்தகம்

அந்தத் துறை பிறப்பதற்கு முன்பே ஒரு கதை தொடங்கிவிட்டது.

சென்னைப் பல்கலைக் கழகம் 1857-ம் ஆண்டில் ஏற்பட்டது. பல ஆண்டுகள் வரை அது பெரும்பாலும் பரீட்சை நடத்திப் பட்டம் கொடுக்கும் ஸ்தாபனமாகவே இருந்தது. பாடம் சொல்லிக் கொடுத்தவை கல்லூரிகள்தான்.

அப்படிப்பட்ட ஒரு கல்லூரியில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், திருத்தணியில் பிறந்த ஓர் ஏழை மாணவர் சேர்ந்தார். எந்தப் பாடம் எடுப்பது என்று அவருக்கும் புரியவில்லை. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய பழைய புத்தகங்களை அவருக்குக் கொடுத்தார். அவை தத்துவப் புத்தகங்கள். காசு செலவில்லாமல் புத்தகம் கிடைத்ததால் மாணவரும் தத்துவமே எடுத்துக்கொண்டார். அந்த மாணவர்தான் பிற்காலத்தில் 1962 முதல் 1967 வரை பாரத நாட்டின் ஜனாதிபதியாக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன்.

எம்.ஏ. பட்டத்துக்காக அவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். 1908-ல், அவருக்கு இருபது வயது ஆனபோது, அது அச்சாகி வெளிவந்தது. வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்று அந்தக் காலத்துப் பாதிரிமார்கள் பலர் குறை கூறி வந்தார்கள். அந்தக் குறைக்குப் பதில் சொல்வதுதான் கட்டுரையின் நோக்கம். அவருக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் ஹாக் என்பவரோ கிறிஸ்தவ மதப் பணிக்காக இங்கு வந்தவர்! கட்டுரையைப் பார்த்து அவர் கோபப்படுவாரோ என்று மாணவருக்கு உள்ளூரப் பயம். ஆனால் பேராசிரியர் கோபப்படவில்லை. தம் மாணவரின் வாதத் திறமையைப் புகழ்ந்து நற்சான்று எழுதிக் கொடுத்தார்.

இந்தச் சிறு நிகழ்ச்சியில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. மாணவர் பதில் சொல்லுமுன் எதிர்த் தரப்பைச் சரியாகப் புரிந்துகொண்டார். ஆசிரியர் தமக்கு எதிரான வாதத்தையும் அதன் தரத்தை வைத்தே எடை போட்டார். தத்துவம் என்பது முக்கியமாக இதுதான்.

பாரிஸ்டர் தொடங்கிய துறை

1927-ம் ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழகம் தனக்கென்று ஒரு தத்துவத் துறையை ஏற்படுத்தியது. அதற்குத் தலைமை தாங்கியவர் எஸ்.எஸ். சூரியநாராயண சாஸ்திரி. இவர் சம்ஸ்கிருத நூல்களில் தோய்ந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்தவர். பாரிஸ்டர் பட்டமும் பெற்றவர். கோர்ட்டில் வழக்காட வேண்டிய மனிதர், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வழக்குகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்!

வழக்கு என்று சொல்வது வேடிக்கைக்காக அல்ல. நம் நாட்டுத் தத்துவ நூல்கள் பல உண்மையாகவே வழக்கு விசாரணை போலத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. முதலில் எதிர்க்கட்சி பேசும். அதற்குப் 'பூர்வபட்சம்' என்று பெயர். பிறகு அதற்குப் பதில். முடிவில் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்குத்தான் 'சித்தாந்தம்' என்று பெயர். எதிர்க்கட்சியின் வாதத்தைச் சொல்லாமல் சித்தாந்தத்துக்குப் போனால் படித்தவர்கள் அதை மதிக்க மாட்டார்கள்.

சாஸ்திரியார் எடுத்துக்கொண்ட நூல்களைப் பாருங்கள். ஆரணிக்குப் பக்கத்தில் அடையபலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பைய தீட்சிதரின் ஊர் அது. அவர் எழுதிய நூல்களில் ஒன்று 'சித்தாந்த லேச சங்கிரகம்'. அத்வைதிகள் என்று ஒரே பெயர் சொல்லிக்கொண்டாலும், அவர்களுக்குள்ளேயே எத்தனை அபிப்பிராய பேதங்கள் இருந்தன என்பதைத் தொகுத்துக் காட்டும் நூல் அது. சாஸ்திரியார் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சிவாத்வைதம் என்ற கொள்கையைப் பற்றி 1930-ல் தனி நூல் எழுதினார். 'சாங்கிய காரிகை' என்ற நூலையும் மொழிபெயர்த்தார். உலகத்தைப் படைத்த கடவுளைப் பற்றிப் பேச்சே எடுக்காத நூல் அது! அத்வைதத்துக்கு முக்கியமான 'பாமதி' என்ற உரையின் ஒரு பகுதியை, சம்ஸ்கிருதப் பேராசிரியர் சி. குன்ஹன் ராஜாவுடன் சேர்ந்து 1933-ல் வெளியிட்டார்.

ஒரே மேஜையில் இத்தனை கட்சிகள்! எந்தக் கட்சிக்கும் இடம் இல்லை என்று சொல்லவில்லை.

ஆராய்ச்சி எப்படி நடக்கிறது?

ரசாயன ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாயும் நெருப்பும் கண்ணில் படுகின்றன. தத்துவ ஆராய்ச்சியில் என்ன இருக்கிறது? ஒரு மேஜை, ஒரு விளக்கு, குவியல் குவியலாகப் புத்தகங்கள். இவ்வளவுதான் வெளியே தெரியும்.

ஆனால் வேலை கடினமானது. பழைய நூல் ஒன்று பல சுவடிகளில் இருக்கும். ஒரு சுவடியில் ஒரு சொல் இருக்கும். மற்றொன்றில் அது மாறியிருக்கும். எது சரி என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சொல் மாறினால் பொருளே மாறிப் போகலாம். அடுத்தாற்போல், நூலாசிரியர் "சிலர் இவ்வாறு கூறுவர்" என்று மட்டும் எழுதியிருப்பார். அந்தச் சிலர் யார்? பௌத்தரா, சமணரா, நையாயிகரா? அவர்கள் உண்மையிலேயே அப்படித்தான் சொன்னார்களா? இதைக் கண்டுபிடிக்க அந்தச் 'சில'ருடைய நூல்களையும் தேடிப் படிக்க வேண்டும். ஒரு வரிக்கு விளக்கம் காண மாதக் கணக்கில் ஆவதும் உண்டு.

சாஸ்திரியார் 1942-ல் மறைந்தார். அவருக்குப் பின் துறைக்குத் தலைமை ஏற்றவர் அவருடைய மாணவர் டாக்டர் டி.எம்.பி. மகாதேவன். அத்வைதத்தில் இவர் பெரிய அறிஞர். அத்வைதத் தத்துவம் பற்றிய இவருடைய நூல் 1938-லேயே வெளிவந்துவிட்டது. இதே அத்வைத அறிஞர் சைவ சித்தாந்தத்தில் கடவுள் கொள்கை பற்றிப் பேசிய சொற்பொழிவுகளை, அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1955-ல் நூலாக வெளியிட்டது.

1964-ல் இந்தத் துறைக்குப் பெரிய கௌரவம் கிடைத்தது. தத்துவத்துக்கான உயர் ஆராய்ச்சி மையம் என்று பல்கலைக் கழக மானியக் குழு அதை அங்கீகரித்தது. மறு வருஷமே ஆண்டு மலர் ஒன்று தொடங்கப்பட்டது. 1976-ல் அந்த மையத்துக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயர் சூட்டப்பட்டது. இரவல் புத்தகம் படித்த மாணவரின் பெயர், ஆராய்ச்சி மையத்தின் வாசலில் ஏறியது! காலப் போக்கில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறிஸ்தவம், இஸ்லாம், சமணம் ஆகியவற்றுக்கும் அதே பல்கலைக் கழகத்தில் தனித்தனித் துறைகள் அமைந்தன.

நம் வீட்டுச் சொத்து

"இதெல்லாம் பெரிய படிப்பாளிகள் விஷயம். நமக்கு என்ன?" என்று கேட்கலாம். இங்கேதான் கவனிக்க வேண்டும்.

இந்தத் துறையின் முக்கியமான நூல்களில் ஒன்று, வ.ஆ. தேவசேனாபதி சிவஞான சித்தியாரைப் பற்றி எழுதி 1960-ல் வெளிவந்த ஆராய்ச்சி. சித்தியாரும், அதற்கு ஏற்பட்ட ஆறு உரைகளும் அதில் ஆராயப்பட்டிருக்கின்றன. சித்தியார் அசல் தமிழ் நூல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் பாடியது. அதற்கு உரை எழுதிய அறுவரில் ஒருவர் யாழ்ப்பாணத்து ஞானப்பிரகாசர்.

சித்தியாரில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று பரபக்கம், மற்றொன்று சுபக்கம். பரபக்கம் என்றால் பிறர் பக்கம். சுபக்கம் என்றால் தன் பக்கம். நூலாசிரியர் எதை முதலில் வைத்தார் தெரியுமா? பிறர் பக்கத்தைத்தான்! கடவுளே இல்லை என்கிற உலகாயதன் முதற்கொண்டு பதினான்கு கட்சிக்காரர்களை அழைத்து, ஒவ்வொருவருடைய வாதத்தையும் எடுத்துச் சொல்லி, அதன் பிறகே மறுக்கிறார்.

அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மணிமேகலைக் காப்பியத்தில் இப்படி ஒரு காட்சி வருகிறது. வஞ்சி மாநகரில் மணிமேகலை வேற்றுருவம் கொண்டு, பல சமயத்து ஆசிரியர்களிடம் போய், "உங்கள் கொள்கை என்ன?" என்று கேட்கிறாள். ஒவ்வொருவரையும் பேச விட்டுக் கேட்கிறாள். முடிவில் அவள் ஏற்றது பௌத்தம். ஆனாலும் மற்றவர்களைக் கேட்காமல் அவள் முடிவுக்கு வரவில்லை.

ஆகவே தத்துவம் எங்கிருந்தோ வந்த சரக்கு அல்ல. நம் வீட்டுச் சொத்து.

பூட்டிய பெட்டி

ஆனால் அந்தச் சொத்து ஒரு பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. சென்னைத் தத்துவத் துறையின் பெருமைக்குரிய நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வெளிவந்தவை. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த நாட்களில் உயர் படிப்பு முழுவதும் ஆங்கிலத்திலேயே நடந்தது. நம் தத்துவத்தை வெளிநாட்டார் மதிக்க வேண்டுமானால் அவர்களுக்குப் புரியும் பாஷையில்தான் சொல்ல வேண்டும். அந்த அறிஞர்கள் அதைச் செய்தார்கள், வெற்றியும் கண்டார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்வது நன்றி மறந்த செயல்.

இருந்தாலும், ஆரணிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எழுதியதை ஆக்ஸ்போர்டில் இருப்பவர் படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறது. ஆரணியில் இருப்பவருக்கு அது எட்டவில்லை! தமிழ்ப் பாட்டுக்கு நடந்த ஆராய்ச்சியைத் தமிழ் மட்டும் தெரிந்தவர் படிக்க முடியவில்லை. இது நியாயமா?

பல்கலைக் கழகத்துக்குப் போகும் பணத்தில் ஊர் மக்களின் வரிப்பணமும் சேர்ந்திருக்கிறது. நெசவாளியும் உழவரும் கடைக்காரரும் கொடுத்த காசு அது. உலகத்துக்குச் சொல்லி முடித்தாயிற்று. இனி ஊருக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆராய்ச்சி நூலுக்கும், எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒருவருக்குக்கூடப் புரியும்படி, ஐம்பது பக்கத்தில் ஒரு தமிழ்ப் புத்தகம் எழுதினால் என்ன? வருஷத்துக்கு நாலு பேராசிரியர்கள் ஊர் நூலகங்களுக்குப் போய்த் தமிழில் பேசினால் என்ன? எளிமையாகச் சொன்னால் விஷயத்தின் தரம் குறைந்துவிடும் என்பது வீண் பயம். விஷயம் தெளிவாகத் தெரிந்தவர்களால்தான் எளிமையாகச் சொல்ல முடியும்.

அப்பாவுக்குப் பதில்

அப்பா கேட்ட கேள்விக்கு இனிப் பதில் சொல்லலாம்.

தத்துவம் படித்த எல்லோரும் ராதாகிருஷ்ணன் ஆகிவிட மாட்டார்கள். அப்படிச் சொல்லி ஆசை காட்டுவது மோசடி. தத்துவப் பட்டம் உடனே உத்தியோகத்தைக் கையில் கொண்டுவந்து கொடுக்காது. இதை மறைக்கக் கூடாது. ஆகவே விருப்பமில்லாத பிள்ளையை யாரும் அதில் தள்ள வேண்டாம். ஆனால் விருப்பத்தோடு கேட்கிற பிள்ளையைத் தடுக்கவும் வேண்டாம். ஆசிரியர் வேலை, பத்திரிகை, வழக்கறிஞர் தொழில், அரசாங்கப் பரீட்சைகள் என்று சிந்திக்கத் தெரிந்தவனுக்குப் பல வழிகள் இருக்கின்றன.

சோறு போடுவது ஒரு வேலை. போட்ட சோற்றை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வைப்பது மற்றொரு வேலை. இரண்டாவது வேலைக்குத் தத்துவம் வேண்டும்.

அண்ணன் தம்பிக்குள் பாகப் பிரிவினைச் சண்டை. மாமியார் மருமகளுக்குள் மனஸ்தாபம். ஊரில் கட்சிச் சண்டை. எல்லாவற்றிலும் நடப்பது என்ன? ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் மற்றவர் கத்துகிறார். சொல்லாததைச் சொன்னதாக வைத்துக்கொண்டு திட்டுகிறார். அருணந்தி சிவாசாரியார் காட்டிய முறையை இங்கே வைத்துப் பாருங்கள். "நீ சொல்வது இதுதானே?" என்று எதிராளியின் வாதத்தை முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் பதில். இந்த ஒரு பழக்கம் வந்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்து போகும்.

இன்று இரவு சாப்பிடும்போது அந்த அப்பா பையனைப் பார்த்து, "தத்துவம் படிக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறாய்? சொல், கேட்கிறேன்" என்று ஆரம்பிக்கட்டும். பையனும், "அப்பா, நீங்கள் பயப்படுவது எதற்காக என்று எனக்குத் தெரிகிறது" என்று தொடங்கட்டும்.

பையன் எந்தப் பாடம் எடுத்தாலும் சரி, அந்த வீட்டில் தத்துவப் படிப்புத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.